சேறு அன்றையது

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பூட்ஸைக் கழுவித் துடைத்து, கறுப்பு பாலிஷும் போட்டு முடித்த பிறகுதான் காவல்காரர் பக்கத்திலிருந்த அட்டையைப் பார்த்தார். "பறவை ஐயா கடைசியாகச் சதுப்புக்குப் போனபோது அணிந்தது. சேறு அன்றையது." பதினோரு வருடமாகச் பறவை ஐயா உருவாக்கிய சரணாலயத்துக்கு வருகிறவர்களை, அவர் வாழ்ந்த இந்த நினைவு வீட்டுக்குள் அழைத்துவந்து, அந்த அட்டையைத் தொண்டை கிழிய வாசித்துக் காட்டியவர் வேறு யாருமில்லை, அவரேதான். சேறு வாளித் தண்ணீரோடு செடிக்குப் போய்விட்டது.

மனைவி இறந்து நான்கு மாதம். அன்றிலிருந்து அவருடைய கை எந்த வேலையைப் பிடித்தாலும் தலையைக் கேட்காமலே முடித்துவிட்டு வருகிறது. அழுகை மட்டும் வரவில்லை. கல்லுளிமங்கன் என்று மச்சான் காதுபடவே சொன்னான். அதுவும் உறைக்கவில்லை.

வேலை போனால் போகட்டும். கூடவே, பின்கட்டில் அவளோடு குடியிருந்த இரண்டு அறையும் போய்விடும். அவளுடைய சீப்பு ஜன்னல் கம்பியில் செருகியபடியே இருக்கிறது. செத்தவர் பூட்ஸைத் துடைத்த கை அதை இன்னும் தொடவில்லை.

அறையைக் காலி செய்யச் சொல்வார்களா என்று சரணாலய அலுவலக எழுத்தரிடம் கேட்டார். மேலே பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கோப்புக்குள் குனிந்துகொண்டார். மச்சானுக்குப் போன் போட்டால், எல்லாம் நல்லதுக்கே என்றான். சரணாலயத்துப் படகுக்காரர்தான் உருப்படியாக ஒன்று சொன்னார்.

"பூட்ஸுதானே அண்ணே. சதுப்புல சேத்துக்கா பஞ்சம்? ஒரு வாளி அள்ளிட்டு வரவா?"

வெட்கத்தை விட்டுச் சொன்னால், காவல்காரர் அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

ஐந்தாம் நாள் பறவை ஐயாவின் தங்கை வந்தார். வீடு, சரணாலயம் இரண்டுக்கும் கடைசிச் சொல் அவருடையதுதான். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணன் இருந்தவரைக்கும் இது ஒருநாளும் இப்படி மின்னினதில்ல."

சிரிப்பதா, காலில் விழுவதா என்று காவல்காரருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

"அம்மா, ஆளாளுக்குப் பூசி மெழுகுறாங்க. நீங்களாவது சொல்லுங்க. நான் அந்த ரெண்டு ரூமையும் காலி பண்ணணுமா?"

அந்த அம்மாள் பூட்ஸை ஜோடி சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஆமாப்பா. மாசக் கடைசிக்குள்ள. சாமான் கட்ட நான் கூட வர்றேன்."