சத்தம் போடாமல் பார்த்த பைனல்

அக்காவின் அணி பைனலுக்குப் போய்விட்டது என்ற செய்தி வந்தபோது நானும் அம்மாவும் நாய் டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் மடியில் துண்டில் சுற்றிய எங்கள் நாய் மிளகு. கருத்தடை ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வெளியே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். மயக்கம் பாதி தெளிந்தும் தெளியாமலும் நாக்கின் நுனியை வெளியே விட்டுக்கொண்டு கிடந்தது.

போன் அடித்தது. அக்கா போனில் கத்தியது வரவேற்பறையில் இருந்த பூனைக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"அம்மா! ஜெயிச்சிட்டோம்! பைனல்மா! டிவில நேரடியாக் காட்டப்போறாங்க!"

அம்மா எழுந்து நிற்கப் பார்த்தாள். மடியில் நாய் இருப்பது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது. "என் தங்கமே" என்றாள். அதை அக்காவுக்குச் சொன்னாளா மிளகுக்குச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா கால்பந்து அணியில் கோல் கீப்பர். மிளகு அவளுடைய நாய். கறுப்பாக, குட்டையாக, இரண்டு கையில் அடங்கிவிடும் அளவுதான். ஆனால் அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் அதன் தலை அவள் இடுப்பைத் தொடும் உயரத்துக்குக் குதிக்கும். ஊருக்கு ஊர் போய் விளையாட வேண்டிய நேரத்தில் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்று அக்கா கெஞ்சினாள். அம்மா மசியவில்லை. போன தடவை மிளகு பருவத்துக்கு வந்தபோது தெருவில் இருந்த ஆண் நாய்கள் எல்லாம் எங்கள் படிக்கட்டில் குடியேறி, தபால்காரர் மேலே ஏறவே முடியாமல் போனதை அவள் மறக்கவில்லை.

"நீ பந்தைப் பாரு. நாயை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவள். எதையாவது பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பார்த்துக்கொள்வாள். லீவு போட்டுவிட்டு டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். அப்பாவும் கடையைப் பூட்டிவிட்டு அங்கே வந்து சேர்ந்தார்.

"குதிக்கக் கூடாது. ஓடக் கூடாது. படி ஏறக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது. தையலை நக்கவே கூடாது, அதனால கழுத்துல மாட்டியிருக்கிற இந்தக் கூம்பைக் கழட்டாதீங்க" என்றாள் டாக்டரம்மா. "காலையிலயும் சாயங்காலமும் வயித்தைப் பாருங்க. சிவந்து போச்சு, வீங்கிடுச்சு, ஏதாவது கசியுதுன்னா உடனே கூப்பிடுங்க. முக்கியமா அது ரொம்பக் குஷியாயிடாமப் பார்த்துக்கணும்."

"மூச்சாவது விடலாமா டாக்டர்?" என்றார் அப்பா.

"அது விடலாம். நீங்கதான் கொஞ்சம் மெதுவா விடணும்."

அப்பாவுக்குச் சலூன் கடை. அவர் கடைக்குள் பேசுவது எதிர்வரிசைக் கடைகளுக்குக் கேட்கும். டாக்டரம்மாவுக்கு அது அந்தக் கொஞ்ச நேரத்திலேயே விளங்கிவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் மிளகு நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா தன் டூட்டி ஸ்வெட்டரை எடுத்து அதைச் சுற்றி, பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டாள். வேகவைத்த கோழியை நூலாகப் பிய்த்து ஒரு வாய் கொடுத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டி எட்டிப் பார்த்துவிட்டு "சாப்பிடலையா? இன்னும் சாப்பிடலையா?" என்று கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுப்பதே மற்றவர்கள் பேசுகிற சத்தத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் எல்லாம் மாறிவிட்டது. மிளகு கண்ணைத் திறந்தது, கோழி முழுவதையும் தின்றது, தட்டைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது, உடம்புக்கு ஒன்றுமே இல்லை என்று முடிவு செய்துவிட்டது. எங்களுக்குப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. கூம்பு கதவு நிலையில் இடிக்கும். பின்வாங்கி ஓடிவந்து இன்னொரு தடவை இடிக்கும். சோபாவில் தாவப் பார்த்ததால் அப்பா சோபாவைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். நாற்காலிகளை எல்லாம் மேல் மாடிக் கணக்கு டீச்சர் வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அன்றிலிருந்து எங்கள் குடும்பமே தரையில்தான். சாப்பாடு, டீ, அப்பாவின் பேப்பர், எல்லாம் தரையில்.

மாத்திரை கொடுப்பது தனிக் கதை. கோழிக்குள் ஒளித்துக் கொடுத்தால் கோழியை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைக் கழுவித் துடைத்த மாதிரி வெளியே வைக்கும். கடைசியில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மாத்திரை வைத்த துண்டைத் தானே சாப்பிடுவது போல வாய்வரை கொண்டுபோய், "உனக்குக் கிடையாது, போ" என்பாள். அதற்குப் பொறுக்காது. அவள் கையிலிருந்து பிடுங்கி ஒரே விழுங்காக விழுங்கிவிடும்.

இதெல்லாம் சமாளித்தோம். அக்காவின் குரலைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒருமுறை அவள் வீடியோவில் கூப்பிட்டு "மிளகு செல்லம்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், நாய் பின்னங்காலில் எழுந்து நின்று ஊளையிட்டது. அம்மா போனையே அணைத்துவிட்டாள். அதன்பிறகு அக்காவிடம் பேச வேண்டுமென்றால் நாங்கள் படிக்கட்டில் இறங்கிப்போய்த்தான் பேசினோம், ஏதோ ரகசியக் காதல் மாதிரி.

அப்படியிருக்க, பைனல் அன்று காலை அப்பா ரேசரைத் துடைத்துக்கொண்டே தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். கடைக்கு வந்தவர்கள் எல்லாரையும் மேட்ச் பார்க்க வீட்டுக்கு அழைத்துவிட்டாராம்.

"எல்லாரையுமா?" என்றாள் அம்மா.

"எல்லாரும்னா... முடி வெட்டிக்கிட்டவங்க மட்டும்தான்."

"ஷேவ் பண்ணிக்கிட்டவங்க?"

அப்பா ரேசரை இன்னொரு தடவை துடைத்தார்.

அம்மா மிளகின் வயிற்றைப் பார்த்தாள். அதை உள்ளறையில் அடைத்தால் கதவைப் பிறாண்டியே தையலைப் பிரித்துக்கொள்ளும். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது. "சரி, வரட்டும். ஆனா என் பஸ், என் சட்டம்" என்றாள்.

மாலையில் வந்தார்கள். வாசலிலேயே அம்மா நின்றுகொண்டாள். "செருப்பை வெளிய விடுங்க. உள்ள நகருங்க, வழியில நிக்காதீங்க. டிவில சத்தம் வைக்க மாட்டோம். யாரும் கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது. தாங்க முடியலைன்னா கீழ இறங்கி ரோட்டுக்குப் போய்க் கத்திட்டு வாங்க."

"பைனலைச் சத்தமில்லாம எப்படித் தங்கச்சி பார்க்கிறது?" என்றார் பூட்டு ரிப்பேர்க்காரர். அப்பாவின் நெடுநாள் நண்பர், கொஞ்சம் பருத்த உடம்பு.

"கண்ணாலதான் அண்ணே பார்க்கிறது."

அப்பா கடையிலிருந்து வெள்ளைத் துண்டுகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். சந்தோஷம் வந்தால் இதை வீசுங்கள், துக்கம் வந்தால் வாயில் அடைத்துக்கொள்ளுங்கள் என்று விளக்கமும் சொன்னார். கூடம் நிறைய ஆட்கள் சப்பணம் போட்டு உட்கார, நடுவில் அம்மா. அம்மாவின் மடியில் மிளகு, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மேட்ச் ஆரம்பித்தது. மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. எங்கள் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பச்சை உடுப்பில் அக்கா கோல் கம்பத்தடியில் வந்து நின்றபோது அப்பா துண்டைக் கடித்துக்கொண்டார். எதிரணிப் பெண் தனியாகப் பந்தோடு வந்தாள். அக்கா பாய்ந்தாள். விரல் நுனியில் பட்டுப் பந்து வெளியே போனது. அவ்வளவு துண்டும் ஒரே நேரத்தில் மேலே பறந்தது! ஒரு சத்தம் இல்லை. மேல் மாடியிலிருந்து வந்திருந்த கணக்கு டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் என் கண்ணாடி கழன்று விழுந்தது. மிளகு தலையைத் தூக்கி எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

நேரம் முடிந்தும் கோல் விழவில்லை. கூடுதல் நேரமும் முடிந்தது. இனி பெனால்டி. பூட்டுக்காரரால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை. நெளிந்தார், நகர்ந்தார், ரிமோட்டின் மேல் அழுத்தி உட்கார்ந்தார்.

டிவி திடீரென்று அலறியது. கேமரா அக்காவின் பக்கத்திலேயே இருந்தது. தன் அணியைப் பார்த்து அவள் கத்தியது கூடம் முழுக்க ஒலித்தது. "பயப்படாதீங்க! நான் இருக்கேன்! நான் இருக்கேன்!"

மிளகு மடியிலிருந்து எப்படி எழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது டிவி ஸ்டாண்டில் முன்னங்காலை ஊன்றி, முழு நீளத்துக்கு நின்று, கூம்பைத் திரையில் மோதிக்கொண்டு குரைத்துக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் பதறிப்போய் இன்னும் சத்தத்தைக் கூட்டினார். நான் பிளக்கையே பிடுங்கப் போனேன், பத்துப் பேர் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். கணக்கு டீச்சர்தான் ரிமோட்டைப் பிடுங்கி அமைதியாக்கினார்.

அம்மா அதற்குள் மிளகைத் தூக்கியிருந்தாள், ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில். தன் கட்டை விரலைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக ஒரு ஈரம்.

மிளகோடு நேரே உள்ளறைக்குப் போனாள். நான் டார்ச்சோடு பின்னால் ஓடினேன். அப்பாவும் எழுந்து வந்தார்.

"நீங்க எங்க வர்றீங்க? போய் உங்க பொண்ணைப் பாருங்க" என்றாள் அம்மா.

"இதுவும் பொண்ணுதானே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் அப்பா. வாழ்நாளில் அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

நான் டாக்டரம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அவள் முகத்தில் ஏதோ வெளிச்சம் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது.

"குதிச்சிடுச்சு டாக்டர். லேசா ஏதோ கசியுது" என்றாள் அம்மா.

"பதறாதீங்க. மல்லாக்கப் படுக்க வைங்க. வெளிச்சத்தை ஓரமாக் காட்டுங்க. போனைக் கிட்டக் கொண்டு வாங்க... இன்னும் கிட்ட."

அப்பா மிளகின் கால்களைப் பிடித்துக்கொண்டார். நான் டார்ச்சைப் பிடித்தேன்.

"தையல் ஒவ்வொண்ணா காட்டுங்க. ம். ம். அடுத்தது. இதுவும் சரியா இருக்கு. சுத்தமான துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. இப்ப மறுபடி கசியுதான்னு..." டாக்டரம்மாவின் கண் சட்டென்று வேறு பக்கம் போனது. "ஐயோ! ஐயோ!"

அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. "என்ன டாக்டர்? பிரிஞ்சிடுச்சா?"

"இல்லம்மா! பிடிச்சிட்டா!"

"எதைப் பிடிச்சா?"

"பந்தை! உங்க பொண்ணு! கடைசி பெனால்டியைப் பிடிச்சிட்டா! ஜெயிச்சாச்சு!" டாக்டரம்மா துள்ளியதில் போனில் அவள் வீட்டு மேல்கூரை தெரிந்தது. பிறகு முகம் திரும்ப வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிக்கங்க. தையலுக்கு ஒண்ணும் ஆகலை. லேசான கசிவுதான், நின்னுடுச்சு பாருங்க. காலையில முதல் வேலையா தூக்கிட்டு வாங்க, நேர்ல பார்த்துடறேன். அதுவரைக்கும் குதிக்காமப் பார்த்துக்கங்க. நீங்களும்தான்."

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா சிரித்தாள், அழுதாள், மிளகின் வயிற்றைத் துணியால் ஒத்தி எடுத்தாள், எல்லாம் ஒரே நேரத்தில். அப்பா அதன் காலை விடவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அந்தக் காட்சியைச் சொல்லி மாளாது. வெறுங்காலோடு பெரிய பெரிய மனிதர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு, பெருவிரலில் நின்று, சத்தமே இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள். துண்டுகள் மின்விசிறியில் மாட்டிக்கொண்டு சுற்றின. பூட்டுக்காரர் சுவரில் நெற்றியை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் அப்படியே நின்று, உள்ளறையைக் காட்டி, என்ன என்று கையால் கேட்டார்கள். நான் கட்டை விரலை உயர்த்தினேன். மறுபடி குதித்தார்கள்.

அப்பா அவர்களைத் தாண்டிப் படி இறங்கி ஓடினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டைத் தாண்டி, கடையைத் தாண்டி, மூலை திரும்பி ஆளே மறைந்துபோனார். பிறகு அந்தத் திசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "என் பொண்ணூ!" அவ்வளவு தூரத்திலிருந்தும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மிளகு ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டுத் தூங்கிப்போனது.

காலையில் டாக்டரம்மா நேரிலேயே தொட்டுப் பார்த்து, காயம் நன்றாகத்தான் கூடிவருகிறது, ஆனால் இன்னும் சில நாளைக்கு அதே கட்டுப்பாடுதான் என்று சொல்லி அனுப்பினாள்.

அக்கா அன்று மாலையே வந்து சேர்ந்தாள். கழுத்தில் மெடல், முழங்கையில் சிராய்ப்பு, கண்ணில் தூக்கம். அம்மா அவளை வாசலிலேயே மறித்து, "உன்னைப் பார்த்தா அவ குதிப்பா. கொஞ்சம் இரு, நான் பிடிச்சிக்கறேன்" என்றாள். உள்ளே மிளகுக்கு வாசனை தெரிந்துவிட்டது. கூம்பு தரையில் தட்டுகிற சத்தம் வேகமாக நெருங்கியது.

அக்கா பையைக் கீழே போட்டாள். அம்மா திரும்புவதற்குள் வாசல்படியிலேயே தொப்பென்று தரையில் விழுந்து, கன்னம் தரையில் படும்படி நீட்டிப் படுத்துவிட்டாள். மிளகு வந்தது. குதிப்பதற்கு உயரமே இல்லை. ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு வாலோடு சேர்ந்து உடம்பே ஆட, கூம்புக்குள் அவள் முகத்தை வாங்கிக்கொண்டு மூக்கு, நெற்றி, காது என்று நக்கித் தீர்த்தது.

"எங்கிட்ட சொல்லாம என்னென்ன பண்ணினே நீ?" என்றாள் அக்கா, கூம்புக்குள்ளிருந்து.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டு தானும் தரையில் படுத்தார். பக்கத்தில் இடம் இருந்ததால் நானும் படுத்துக்கொண்டேன்.