நிலவறை சொன்ன ஆமென்

எங்கள் வீட்டுக்காரர் நீல்ஸ் தும்மினால் எஃப்ராயிம் ஊரில் பாதிக் கோழிகள் முட்டையிட்டுவிடும். அப்படியொரு குரல். எங்கள் என்றால் எனக்கும் மெட்டே அக்காவுக்கும். அவள் மூத்த தாரம், நான் இளைய தாரம். யூட்டாவில் எங்கள் மார்மன் சபைக்கு அது முறையான கல்யாணம். வாஷிங்டன் சர்க்காருக்கோ அது குற்றம், புருஷனுக்கு ஆறு மாதச் சிறை. அந்த ஆண்டு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்க சர்க்காரின் மார்ஷல்கள் வெட்டுக்கிளிகளைவிட அதிகமாக வந்து இறங்கினார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்த மார்ஷல் ஹாஸ்கெட். நீல்ஸ் அப்போதுதான் சமையலறைக்கு அடியில் உள்ள கிழங்கு நிலவறைக்குள் இறங்கியிருந்தார். பலகையை மூடி, விரிப்பை இழுத்துப் போட்டு, அதன்மேல் நின்றுகொண்டேன்.

"இது யாரு?" என்றான் என்னைக் காட்டி.

"வேலைக்காரி. சுத்த சோம்பேறி," என்றாள் மெட்டே, கொஞ்சம் கூடுதல் சந்தோஷத்தோடு. "உக்காருங்க ஐயா. சாப்டுட்டுத் தேடுங்க. ஆறிப்போன பட்டாணிக் கஞ்சிய எங்க நாய்கூடத் தொடாது."

மண்டியிட்டு ஜெபிக்காமல் நாங்கள் கரண்டியைத் தொட மாட்டோம். ஹாஸ்கெட்டும் ஒரு போதகரின் மகன். தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். மெட்டே சுருக்கமாக முடித்து "ஆமென்" என்றாள். நானும் சொன்னேன்.

"ஆமென்!" என்றது தரை.

கிண்ணங்கள் குலுங்கின. எங்கள் ஆட்கள் பிறந்ததிலிருந்து எந்த ஜெபத்தையும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. வாய் தானாகத் திறந்துவிடும்.

ஹாஸ்கெட்டின் ஒரு முழங்கால் மேலெழுந்தது.

"இன்னும் முடியல ஐயா!" என்று கத்தினாள் மெட்டே. "பரம பிதாவே, ஒண்ணு மறந்துட்டேன்..."

ஜெபத்தின் நடுவில் எழுந்தால் அவன் அப்பா தோலை உரித்திருப்பார் போலும். முழங்கால் மறுபடி இறங்கியது.

"பிதாவே, சிங்கங்களோட வாயக் கட்டின மாதிரி, வாய் பெருத்தவங்க வாயையும் கட்டும். யோனாவ மீன் வயித்துலேர்ந்து தள்ளின மாதிரி, இருட்டுல கெடக்குறவங்கள வெளிய தள்ளும். வந்த வழியா வேண்டாம், வேற வழியா. தண்ணியோரமா நடத்தும்!"

நிலவறையின் வெளிப்பக்கச் சுவரில் கிழங்கு கொட்டும் துவாரம் உண்டு, ஓர் ஆள் நுழையலாம். அதைத் தாண்டினால் வாய்க்கால்.

நாங்கள் விட்டுவந்த டென்மார்க்கின் ராஜாவிலிருந்து எங்கள் கன்றுக்குட்டிவரை எல்லோரையும் ஆசீர்வதித்தாள். ஹாஸ்கெட்டுக்கு இதற்குள் தாடி ஒரு முழம் வளர்ந்திருக்கும். கீழே ஒரு கிழங்கு உருண்டது. அவள் குரலை உயர்த்தி, சோம்பேறி வேலைக்காரியை மன்னிக்கும்படி மன்றாடினாள். அது மனசாரச் செய்த மன்றாட்டு.

கடைசியில், "ஆமென்."

கண்களை இறுக்கிக்கொண்டேன். தரை பேசவில்லை.

ஹாஸ்கெட் விரிப்பை உதறி, பலகையைத் தூக்கி இறங்கினான். தலையெல்லாம் மண்ணோடு தனியாக ஏறி வந்தான்.

"ஏம்மா, உங்க கிழங்குக்கெல்லாம் ஜெபம் சொல்லத் தெரியுமா?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் பக்தி ஜாஸ்திங்க."

அவன் சிரிக்கவில்லை. கஞ்சியைத் தொடாமல் வெளியே போனான். குதிரையில் ஏறினான். ஆனால் வேலிப் பக்கம் நின்றுவிட்டான்.

நான் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பப் போனேன். மெட்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"வாய்க்கால் பக்கம் பாக்காதடி. நாம எங்க பாக்குறோம்னுதான் அவன் பாத்துட்டு நிக்கிறான்."

"அவரு தப்பிச்சிருப்பாராக்கா?"

"தின்னு."

இருவரும் சுவரைப் பார்த்தபடி தின்றோம். வெளியே குதிரை கனைத்தபோதெல்லாம் கரண்டிகள் நின்றன.