படிவத்தில் எழுதாத செத்தல் மிளகாய்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் புதிதாகத் திறந்த பார்சல் கம்பனி தந்தது. நம்முடைய சரக்கைத் தங்கள் ஸ்டோரில் வைத்து, ஓடர் வர வர நிறை பார்த்து, கட்டி, நாடு முழுக்க அனுப்புவார்களாம். "ஏன் எங்களிடம் மாறுகிறீர்கள்?" என்று கேட்டு நாலு கோடு விட்டிருந்தார்கள். நாலு கோட்டில் என்னத்தை எழுதுவது? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுதத் தொடங்கினால் நிப்பாட்டத் தெரியாது. அதுதான் இது.

2

முதல் தொடக்கம்: துறைமுகத்தின் மேல் பொன்னிறச் சூரியன்...

வெட்டிவிட்டேன். எனக்குச் சூரியன் கருவாடு காயிறதுக்குத்தான்.

இரண்டாவது: கலீலுர் றஹ்மான் என்றொரு நேர்மையான வியாபாரி...

அது நான். என்னை நானே நேர்மையானவன் என்று எழுதினால் நம்பாதீர்கள். நானும் நம்பமாட்டேன்.

மூன்றாவது: என் மகள் ரிஸ்லா பேஸ்புக்கில் என் கருவாட்டை விற்கிறாள். போன மாதம் ஒன்பது பார்சல் மழையில் நனைந்து திரும்பி வந்தது. "இன்னொரு தரம் இப்பிடி நடந்தா பேஜ மூடுறன் வாப்பா," என்றாள்.

இது நிற்கட்டும்.

3

பழைய பார்சல்காரர் சசிகரனை முதலில் கள்ளனாக எழுதினேன். [கள்ளன் இல்லை. மழைக்கு மூடப் படங்கு இல்லாத லொறிக்குச் சொந்தக்காரர். அவ்வளவுதான்.]

புதியவர்களையும் நம்பவில்லை. "பார்த்திட்டுக் கையெழுத்து வையுங்கோ," என்று பத்துக் கிலோ கருவாடும், நான் கட்டிய மாதிரிப் பார்சல் ஒன்றும் வாங்கிப் போனார்கள். என் பார்சல் ஒவ்வொன்றிலும் காய்ந்து சிவந்த ஒரு செத்தல் மிளகாய் இருக்கும்.* மாதிரியிலும் இருந்தது. வாயால் சொல்லவில்லை. கண் இருக்கா பார்ப்போம் என்று என் கருவாட்டை நானே களவாக ஓடர் பண்ணினேன். கொடுத்த பெயர் பக்கத்து வீட்டு அருளம்பலம். முகவரியும் அவருடையது.

(* பூச்சி வராது என்பது வெளியே சொல்லும் சாட்டு. வாங்குகிறவர் கறியில் போடட்டும் என்றுதான்.)

4

பார்சல் வந்தது வெள்ளிக்கிழமை. அருளம்பலம் வீட்டில் மரக்கறி நாள். அதை நான் யோசிக்கவில்லை.

"றஹ்மான் நானா!" வேலிக்கு மேலால் அவர் மனுசி அன்னலட்சுமி. "வெள்ளிக்கிழமை என்ர வாசல்ல மீன் மச்சம்! ஆர் இவருக்கு அனுப்பினது?"

"நான் கேக்கேல்லையப்பா," உள்ளேயிருந்து அருளம்பலம். "ஆனா வந்தது வந்திட்டு. நாளைக்கு..."

"நாளைக்கோ? வாயை மூடுங்கோ!"

குற்றத்தை ஒப்புக்கொண்டு பார்சலை வாங்கிப் பிரித்தேன். நன்றாகக் காய்ந்த கருவாடு, சரியான நிறை. மிளகாய் இல்லை.

5

கம்பனிக்குப் போன் எடுத்தேன். அங்கே பார்சல் கட்டுகிற பிள்ளை பரீனா பேசினாள்.

"மிளகாய் எங்க?"

"எந்த மிளகாய், மாமா?"

"மாதிரியில இருந்ததே!"

"அதுவா? தவறி விழுந்ததெண்டு நினைச்சம். கவர்ல போட்டு உங்கட பேர் எழுதி வெச்சிருக்கு. எழுதித் தராத சாமான நாங்க போடவும் மாட்டம், எடுக்கவும் மாட்டம்."

ஒற்றை மிளகாய்க்கு ஒரு கவர். போனை வைத்துவிட்டு அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தேன்.

6

முடிவு ஒன்று: சந்தேகம் பிடித்த கிழவன் மனம் திருந்தினான்.

பொய். இன்னும் களவாக ஓடர் பண்ணுகிறேன். வெள்ளியில் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

முடிவு இரண்டு: அந்த நாலு கோட்டில் "பார்சலுக்கு ஒரு செத்தல்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இது நடந்தது. சரக்கு முழுக்க ஓர்ஸ் ஹில்லுக்குப் போய்விட்டது. ரிஸ்லா பேஜை மூடவில்லை. எங்கள் வீட்டுக் கதிரைகளில் இப்போது கருவாட்டுச் சாக்கு இல்லை, மனிசர் உட்கார்ந்திருக்கிறோம்.

முடிவு மூன்று உங்களிடம். ஓடர் பண்ணுங்கள், பக்கத்துக் கட்டைபறிச்சானோ தூரத்துக் கொழும்போ, எங்கிருந்தாலும். பிரித்துப் பாருங்கள். மிளகாய் இருந்தால் கறியில் போடுங்கள், கதை முடிந்தது. இல்லாவிட்டால், கீழே நாலு கோடு விட்டிருக்கிறேன்.

____________________

____________________

____________________

____________________