செலீன் வீட்டில் நிற்காத சோக்கா

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கோடையில், ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் செலீன் வீட்டு ரேப் ரெக்கோடர், பிளக்கைக் கழற்றிய பிறகும் பாடிக்கொண்டிருந்தது. கழற்றியவள் செலீனின் புருசன் அகஸ்ரினின் தமக்கை பேர்ணடெற். அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கனடா வருவதற்காக யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட அகஸ்ரின், கிளாலிக் கடலில் படகேறியதோடு சரி. படகும் கரைசேரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அதே நகரின் பார்க்டேலில் இருந்த பேர்ணடெற் கறுப்பு உடுத்துவிட்டாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கும் பாதரிடம் சொல்லிவிட்டாள். செலீனுக்கோ வேறு கணக்கு. செத்த வீட்டில்தானே பாட்டுப் போடக் கூடாது? பாட்டுப் பாடினால் இது செத்த வீடில்லை என்று ஒற்றைக்காலில் நின்றாள். தமிழ்ப் பாட்டென்றால் முதல் வரியிலேயே அழுகை வந்து தொலைக்கும். ஆகவே பக்கத்து வீட்டு ராம்கிசூனிடம் ரெக்கோடரையும் ஒரு கசற்றையும் இரவல் வாங்கினாள்.

ராம்கிசூன் ரினிடாட்காரர். அவருடைய முன்னோர் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன இந்தியர்கள். தங்கள் கலிப்சோ இசை செத்துக்கொண்டிருக்கிறது என்று அந்தத் தீவே ஒப்பாரி வைத்த எழுபதுகளில், கரும்புத் தோட்டத்து டோலக்கையும் இரும்புக் கம்பித் தாளத்தையும் அதற்குள் போட்டுக் குலுக்கி எடுத்ததுதான் சோக்கா என்றும், அது கசற்றுகளில் ஏறிப் புரூக்ளின், லண்டன் எல்லாம் சுற்றி, ரொறொன்ரோவின் கோடை ஊர்வலத்துக்கு லொறிகளின் மேல் வந்து சேர்ந்தது என்றும் அவர் கையை ஆட்டி ஆட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். சாகப் போவதாகச் சொன்ன ஒன்று சாகவில்லை என்பது மட்டும் செலீனுக்கு விளங்கியது. அவளுக்கு அது போதும்.

பேர்ணடெற் வந்தபோது வீடு அதிர்ந்துகொண்டிருந்தது.

"என்ன செலீன் உது? இழவு வீட்டில கூத்தே? சனம் காறித் துப்பப் போகுது."

"இது இழவு வீடில்லை மச்சாள்."

பேர்ணடெற் பிளக்கைப் பிடுங்கினாள். பாட்டு நிற்கவில்லை. கசற்றை வெளியே எடுத்தாள். அப்போதும் நிற்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு சோபாவில் இருந்துவிட்டாள்.

பிறகு அந்தப் பாட்டு சூடேற்றும் குழாய்களின் வழியே கீழ்மாடிகளுக்கு இறங்கியது. பார்க்டேலுக்கும் அஜின்கோர்ட்டுக்கும் எப்படிப் போனதோ, அந்த அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம். எல்லா வீட்டுக்கும் போகவில்லை. காணாமற்போன ஆளுக்காகக் காத்திருந்த வீடுகளில் மட்டும் சுவருக்குள் சோக்கா கேட்டது. கீழ்மாடி றஜிதா வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நின்றது. அந்தக் கிழமையே, அவளுடைய தம்பியின் உடல் கிடைத்ததாகக் கொழும்பிலிருந்து போன் வந்தது. அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேர்ணடெற் கறுப்பைக் களைந்தாள், பூசையை வேண்டாமென்றாள். வேலை முடிந்ததும் நேரே வந்து ரெக்கோடருக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தாள். அவளுடைய கால் தன்பாட்டில் தாளம் போட்டது. சத்தம் பொறுக்கமுடியாமல் கட்டட நிர்வாகம் ஆள் அனுப்பியது. வந்தவர் பிளக்கைப் பார்த்தார், இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தார், போய்விட்டார். இப்படி இரண்டு பனிக்காலம் கழிந்தது.

தொண்ணூற்றைந்து மார்கழியில், செலீன் பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது, பாட்டு பாதியில் நின்றது.

பேர்ணடெற் பாய்ந்து பிளக்கைச் செருகினாள். பெட்டியைத் தட்டினாள், குலுக்கினாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பாடன், சனியனே! பாடன்!" அது பாடவில்லை. "பழைய சாமான்தானே, பழுதாகியிருக்கும். நாளைக்குக் குடுத்துத் திருத்துவம், என்ன?"

செலீன் அடுப்பை அணைத்தாள். இரண்டு வருசமாக வராத அழுகை அப்போதும் வரவில்லை. பாவம், அழுவதற்கும் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

"விடுங்கோ மச்சாள். அவர் போயிட்டார்."

"வாயைக் கழுவடி!" என்று கத்திய பேர்ணடெற், பிறகு நிலத்தில் விழுந்து தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சுவருக்கு அப்பால் பாட்டு நின்றதைக் கவனித்த ராம்கிசூன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு மூலையில் இருந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் செலீன் ரெக்கோடரைத் துடைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் வீட்டில் அது, பிளக்கைப் போட்டால் பாடியது, கழற்றினால் நின்றது.