என்னிடம் வராத ப

என் மகள் சிட்டு அண்ணம், அதாவது மேல்வாய், பிளந்து பிறந்தவள். அவளுக்கு ஐந்து வயது. போன வருடம் ஆபரேஷன் செய்து ஓட்டையை மூடிவிட்டார்கள். ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. ப, த, க எல்லாம் காற்றை வாய்க்குள் ஒரு நொடி அடைத்து நிறுத்தி, பிறகு விட வேண்டிய எழுத்துகள். இவளுக்கோ காற்று மூக்கு வழியாக ஓடிவிடும். பந்து என்று சொல்லச் சொன்னால் மந்து என்பாள்.

அதற்காகத்தான் வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் போனோம். டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். சிட்டுவின் உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பாள். ப சரியாக வந்தால் காகிதம் ஆடும். மூன்றாவது வாரமே ஆடிவிட்டது. சிட்டு ஓடிப்போய் டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் தினமும் இரண்டு வேளை தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அதே மாதிரி காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவள் நான். என்னிடம் மட்டும் மந்துதான்.

"அவங்ககிட்ட வருது, என்கிட்ட ஏன்டி வரல?"

டீச்சர் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க என்று சிட்டு தன் பாஷையில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

"யார்கிட்ட வந்தா என்ன, புள்ள பேசினா சரிதானே" என்றார் என் வீட்டுக்காரர்.

"பெத்தவ நானா அவளா?"

பொறாமைதான், மறைப்பானேன். சிட்டுவுக்குக் காய்ச்சல் என்று இரண்டு முறை டீச்சருக்குப் பொய் சொன்னேன். ஒரு வாரத்தில் நானே ப வரவழைத்துக் காட்டுகிறேன் என்று வீம்பு.

மூன்றாம் நாள் பொறுமை போய், அவள் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்பச் சொல்லு" என்றேன். காற்று வேறெங்கே போகும்? பந்து என்று வந்தது. காகிதம் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து நான் காகிதத்தை எடுத்தாலே அவளே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி என்று கொஞ்சினேன்.

அடுத்த வாரம் டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள்.

"இத யார் சொல்லிக் குடுத்தா?"

சிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவளாவே கண்டுபிடிச்சுக்கிட்டா" என்றேன் நான்.

"மூக்க அடைச்சா காத்து தானா வாய்க்கு வந்துடும். அண்ணத்தத் தூக்கி மூக்கு வழிய அடைக்க இவ கத்துக்கவே மாட்டா. முதல்ல இத மறக்க வைக்கணும். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

"நான் அவ அம்மா."

"தெரியும். வெளிய உக்காருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் டீச்சரைக் கரித்துக்கொட்டினேன். அரை மணி நேரம் போயிருக்கும். உள்ளேயிருந்து சிட்டுவின் குரல் கேட்டது. பந்து. பட்டம். பாப்பா. ஒவ்வொரு ப-வும் சுத்தமாக விழுந்தது. பெற்ற வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு எரிந்தது. பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

சிட்டு இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒரு கை மெல்ல எழுந்து மூக்கைப் பிடித்துக்கொண்டது.

டீச்சர் அவள் முதுகைத் தடவினாள்.

"பயப்படாத கண்ணு, அம்மாதான்" என்றாள்.