வெறும் கரைசல்

பூஞ்சையை விரட்டப் பட்டாணிச் செடி சுரக்கும் புரதத்தைப் பாக்டீரியாவைச் செய்ய வைத்து வாங்குவதுதான் கனடாவில், சாஸ்கடூனில் எங்கள் ஆய்வகத்தின் வேலை. என் பாக்டீரியாக்கள் அதைச் செய்யத் தொடங்கியதுமே செத்துத் தொலைந்தன. பக்கத்து மேசைத் தோழி மாரிட்டுடையவை கொழுகொழுவென்று வளர்ந்தன. அவள் புரதத்தைச் சொட்டிய சோதனைத் தட்டில், ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த பூஞ்சை சொட்டைத் தொடாமல் ஒதுங்கி நின்றது.

பேராசிரியர் கோவல்சக் டோனட் பெட்டியோடு ஓடிவந்தார். "மாரிட், கலக்கிட்டம்மா!"

எனக்கு வயிறு எரிந்தது.

"புரதம் இல்லாம, அதக் கரைச்ச வெறும் உப்புக்கரைசல மட்டும் வச்சுப் பாத்தியாடி? பூஞ்சைய அதுவே கொன்னிருக்கலாம்ல?" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, மறந்தே போச்சு!"

விடுவேனா? வெறும் கரைசலைச் சொட்டி நானே ஒரு தட்டு வைத்தேன். பூஞ்சை சாகட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. திங்கட்கிழமை திறந்தால், பாழாய்ப்போன பூஞ்சை என் சொட்டின் மேலேயே செழித்துப் படர்ந்திருந்தது. கொன்றது அவள் புரதம்தான். இனி யாரும் வாய் திறக்க முடியாது.

மாரிட் என்னைக் கட்டிக்கொண்டாள். "உன்ன மாதிரி ஃப்ரெண்டு யாருக்குடி கிடைப்பா!"

இப்போது அவள் எங்கே பேசப் போனாலும் முதலில் காட்டுவது என் தட்டைத்தான். கீழே என் பெயர், பெரிய எழுத்தில்.