மெக்கானிக்குக் கட்டம் இல்லை

சனிக்கிழமை சாயங்காலம், ரிமோட் கார் பந்தய மைதானத்தில் ஒரியானோ தன் போனை ஒர்னெல்லாவின் மூக்குக்கு நேரே நீட்டினான். பக்கத்துக் கூடாரத்துக்காரன். பத்து வருஷமாக எதிராளி, பத்து வருஷமாக ஸ்பானர் கடன் கேட்பவன்.

"உன் தம்பி செட்டிங் வந்துருச்சு பாத்தியா? கார் கம்பெனிக்காரரு எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. இன்னைக்கு ராத்திரி எவனும் தூங்கப் போறதில்ல, அதே மாதிரி மாத்த எல்லாரும் காரைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க."

போனில் தெரிந்த தாளின் தலைப்பில் கொட்டை எழுத்தில் 'லோரிஸ் ஸம்பினியின் செட்டிங்' என்று இருந்தது. பக்கத்தில் லோரிஸ் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம். கையில் கார். அந்தக் காரின் ஒவ்வொரு திருகையும் ஒர்னெல்லா இறுக்கியிருந்தாள். அதற்குக் கீழே எந்த ஸ்பிரிங், எந்த எண்ணெய் என்று நாற்பது கட்டங்களில் எண்கள். அவள் எண்களைப் பார்க்கவில்லை. அவளே போட்ட எண்கள், அவளுக்கு எதற்கு? தலைப்பைப் பார்த்ததுமே உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

ஆறு வருஷம் சார், ஆறு வருஷம்! வாரம் முழுக்கப் பழம் பொட்டலம் கட்டும் ஷெட்டில் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டுவாள். சனி, ஞாயிறு வந்தால் முழ நீளத்துக் கார் ஒன்றின் முன்னால் முழங்கால் போட்டு உட்காருவாள். எந்த மண்ணுக்கு எந்த ஸ்பிரிங், வெயில் ஏறினால் எந்த டயர், ஷாக் அப்சார்பருக்குள் எவ்வளவு கெட்டியான எண்ணெய் என்று எல்லாம் அவள் மண்டைக்குள் இருந்தது. லோரிஸ் மேடை மேல் ஏறி நின்று ரிமோட்டைப் பிடிப்பான். பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன்தான், அதை அவள் இல்லையென்று சொல்லவே மாட்டாள். அவன் விரலில் இருந்த நிதானத்தில் பாதிகூட அவளுக்கு வராது. அவள் ஓட்டினால் மூன்றாவது மேட்டிலேயே கார் மல்லாந்துவிடும். ஆனால் காருக்குள் என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்டால், இன்ஜின் இருக்கிறது என்பான்.

லோரிஸ் கம்பெனிக்காரரோடு மது குடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சனிக்கிழமை எழுபது பேரில் அவன்தான் எல்லாரையும் விட வேகம். அடுத்த வருஷம் காரும் பாகமும் இலவசமாகத் தருவதாகப் பேச்சு. ஒர்னெல்லா அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"எம் பேர் எங்கடா?"

"எதுல?"

"தாள்ல, வேற எதுல? அந்தக் காரை நீயா பிரிச்ச? நீயா எண்ணெய் மாத்துன? அது எப்படிடா உன் செட்டிங் ஆச்சு?"

"ஐயோ ஒர்னெல்லா, அது ஒரு ஃபாரம். டிரைவர் பேருக்குத்தான் கட்டம் இருக்கு. மெக்கானிக்குக் கட்டம் இல்லை. நான் என்ன செய்யட்டும்?"

"கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுத வேண்டியதுதானே? வாயால சொல்ல வேண்டியதுதானே?"

"சரி விடு, நம்ம வீட்டுப் பேர்தானே போட்டுருக்கு." தோளில் தட்டிவிட்டு அவன் போய்விட்டான். ஸம்பினி என்ற பேர் போதுமாம்! அந்தப் பேர் செத்துப்போன அப்பாவுக்கும் உண்டு. அவரா வந்து எண்ணெய் ஊற்றினார்?

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசித் தகுதிச் சுற்று. பீச் தோட்டத்துப் பக்கமாகத் திரும்பும் பெரிய வளைவில் ஒரு கார் வாலைச் சுழற்றிக்கொண்டு போய்ப் பாதையோரத்துக் குழாயில் மோதியது. அடுத்ததும் அதே இடத்தில் சுழன்றது. அதற்கடுத்ததும். ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை, எல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அத்தனை பேர் காருக்கும் பின்பக்கம் மண்ணில் நிற்கவே இல்லை. வழுக்கு மண்ணில் சோப்புத் தடவி விட்ட மாதிரி போயின. ஒரியானோவின் கார் மூன்று தரம் சுழன்று, கடைசியில் ஃபைனலுக்கே வராமல் போனது.

லோரிஸின் கார் மட்டும் தண்டவாளத்தில் போவது போலப் போயிற்று.

பத்தே நிமிஷத்தில் ஒரு பெரிய கும்பல் கூடாரத்துக்கு வந்துவிட்டது. கையில் அவனவன் கார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"லோரிஸ்! வெளிய வாடா!" என்றான் ஒரியானோ. "பொய்த் தாள் குடுத்து எங்களைக் கவுத்துட்டியேடா. ராத்திரி மூணு மணி நேரம் உக்காந்து மாத்துனேன். இதுக்கு எங்க டயரைக் கிழிச்சுட்டுப் போயிருக்கலாமே!"

அங்கே எதையும் மன்னிப்பார்கள். இடித்துத் தள்ளினால் மன்னிப்பார்கள், கெட்ட வார்த்தை சொன்னால் அதற்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் போதும். தர மனசில்லை என்றால் தாளைத் தராதே. தந்தால் உண்மையைத் தா. பொய்த் தாள் தந்தவன் கூடாரத்துப் பக்கம் அப்புறம் ஒருத்தன் வரமாட்டான்.

ஒர்னெல்லா ஒரியானோவின் போனைப் பிடுங்கி இப்போதுதான் எண்களைப் படித்தாள். காருக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்க மூன்று டிஃபரன்ஷியல். மூன்றுக்கும் வேறு வேறு எண்ணெய். முன்னால் கெட்டி, பின்னால் இளசு, அதுதான் அவள் கணக்கு. தாளில் தலைகீழாக இருந்தது. இளசான மூவாயிரம் முன்னால், கெட்டியான ஏழாயிரம் பின்னால்; அப்படிப் போட்டால் வால் சுழலாமல் என்ன செய்யும்? அவள் எண்களைக் குறித்து வைத்திருந்த நோட்டைக்கூடப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதி, கட்டம் மாற்றிப் போட்டிருக்கிறான் இந்தப் புத்திசாலி.

லோரிஸ் முகம் வெளுத்துப்போய் நின்றான். கம்பெனிக்காரர் எர்மெஸும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்.

"என்னப்பா இது? தப்பான தாளா?" என்று கேட்டார்.

லோரிஸ் ஒரு நொடி யோசித்தான். பிறகு, "எனக்கு என்ன சார் தெரியும்? ஒர்னெல்லாதான் எழுதிக் குடுத்தா. காரெல்லாம் அவதான் பாக்குறா" என்றான்.

ஒர்னெல்லாவுக்குக் காது அடைத்துப் போயிற்று. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து அவள் பேர் ஊரறிய வந்திருக்கிறது. எதற்கு வந்திருக்கிறது பாருங்கள்! வேகமாகப் போனால் லோரிஸ் செட்டிங். வழுக்கி விழுந்தால் ஒர்னெல்லா செட்டிங்.

"நானா எழுதிக் குடுத்தேன்?" என்றாள். குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை. "டேய், என் கண்ணைப் பாத்துச் சொல்லு. நானா?"

அவன் பார்க்கவில்லை. அவள் கும்பலின் பக்கம் திரும்பினாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இவன் பொய் சொல்லிக் கவுத்தான்னு நினைக்காதீங்க. இவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. தன் கார்ல என்ன இருக்குன்னே இவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். டேய், ஷாக் பிஸ்டன்ல எத்தனை ஓட்டை? சொல்லு. எல்லாருக்கும் முன்னால சொல்லு."

லோரிஸ் காரைத் தூக்கி அடியில் பார்த்தான். யாரோ ஒருத்தன் சிரித்தான், அப்புறம் நாலு பேர் சிரித்தார்கள். அவள் நோட்டை எடுத்து முன், நடு, பின் என்று எண்களை உரக்கப் படித்தாள். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். ஒரியானோ மட்டும் குறிக்கவில்லை, அவனுக்கு இனிமேல் எதற்கு?

"உம் மேல கோபம் இல்ல ஒர்னெல்லா" என்றான் அவன். "ஆனா இவன் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல."

கூட்டம் கலைந்ததும் லோரிஸ் பொங்கினான். "என் மானத்தை வாங்கிட்டியே! கம்பெனிக்காரர் முன்னால!"

"உன் மானம் போச்சா? ஆறு வருஷமா என் உழைப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில வெச்சுட்டு அலையுற, அதுக்குப் பேரு என்ன?"

எர்மெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வெள்ளை ஃபாரத்தை நீட்டினார். "அம்மா, கோபப்படாதீங்க. நீங்களே சரியா எழுதிக் குடுத்துடுங்க, பழசை எடுத்துடறேன்."

"எம் பேர் போடுவீங்களா?"

"அது வந்து... மெக்கானிக்குக் கட்டம் இல்லைம்மா. ஃபாரம் மேலிடத்துல இருந்து வர்றது. நான் வேற, நீங்க வேறயா? எல்லாம் ஒரே டீம்தானே."

ஃபாரத்தை அவள் நாலாகக் கிழித்து அவர் கையிலேயே வைத்தாள். "அப்ப டிரைவரையே கேட்டு எழுதிக்குங்க."

லோரிஸுக்கு இப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. ஃபைனல் நாற்பத்தைந்து நிமிஷம். டாங்க்கில் ஊற்றும் நைட்ரோ எரிபொருள் எட்டு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. மேடையில் நிற்கிறவன் காரைத் தொட முடியாது. கீழே ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து, இப்போ வா என்று கத்தி, ஓடி வரும் காரைப் பிடித்து மூன்று நொடியில் ஊற்றி விரட்ட வேண்டும்.

"ஒர்னெல்லா, தப்புதான், ஒத்துக்கறேன். ஃபைனலுக்கு முன்னால மைக் குடுப்பாங்கல்ல, அதுல சொல்லிடறேன். சத்தியமா. இது என் அக்கா செட்டிங்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். போதுமா?"

"சொல்லுவியா?"

"அம்மா மேல ஆணை."

அம்மா மேல ஆணை என்றதும் அவள் இளகிவிட்டாள். அதுதான் அவளுடைய பலவீனம். டாங்க்கைக் கழுவினாள், புது பிளக் போட்டாள், பின் டயரை மாற்றினாள். மத்தியான வெயிலில் மண் காய்ந்து பொடியாகியிருந்ததால் பின் ஸ்பிரிங்கையும் ஒரு படி மென்மையாக்கினாள். இதையெல்லாம் அவன் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

ஃபைனலுக்குப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தராக மேடைப் படியில் நிறுத்தி அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார். முன்னூறு பேர் வேலியோரம் நின்றார்கள். ஒர்னெல்லா கீழே, கார்களுக்கு எரிபொருள் ஊற்றும் பிட் சுவரோரம் நைட்ரோ பாட்டிலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டாள்.

லோரிஸின் முறை வந்தது. எர்மெஸ் முன் வரிசையில் கைகட்டி நின்றிருந்தார். லோரிஸ் அவரைப் பார்த்தான்.

"கம்பெனிக்கு நன்றி. இந்த வருஷம் காரைப் பத்தி நான் நிறையக் கத்துக்கிட்டேன், செட்டிங்ல ரொம்ப உழைச்சேன்" என்றான். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவன் போல, "ஆங், என் அக்கா ஒர்னெல்லாவும் கூட இருக்கா. பெட்டி தூக்கறது, சாண்ட்விச் கட்டறதுன்னு ரொம்ப ஒத்தாசை" என்று சிரித்தான். கூட்டம் கை தட்டியது.

ஒத்தாசை! சாண்ட்விச்!

அவளுக்கு அழுகை வரவில்லை. கத்தவும் தோன்றவில்லை. காரை முழு டாங்க்கோடு ஸ்டார்ட் பண்ணி, கோட்டில் கொண்டுபோய் வைத்தாள். அது அவள் கார், அதற்கு அவள் துரோகம் பண்ணமாட்டாள். திரும்பி வந்து பாட்டிலைச் சுவர் மேல் வைத்தாள். மூடியைக் கவனமாகத் திருகினாள். கொடி விழுந்து பன்னிரண்டு கார்களும் கிளம்பியபோது அவள் தகரக் கொட்டகை பாரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

"தெரெசீனா, ஒரு பியாதீனா ரொட்டி குடு. சீஸ் நிறைய வை."

"ஃபைனல் நடக்குதே, நீ இங்க நிக்கிற?" என்றாள் பார்க்காரி.

"பசிக்குது."

பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். காதுக்கு முதுகு ஏது? பன்னிரண்டு இன்ஜின் அலறியதில் அவளுடையது தனியாகக் கேட்டது. வளைவில் சுழலாமல், மேட்டில் துள்ளாமல், முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தது. என்ன அழகாகப் போகிறது! அவள் ரொட்டியைக் கடித்தாள்.

ஏழாவது நிமிஷம் மேடையிலிருந்து குரல் வந்தது. "ஒர்னெல்லா! எத்தனை நிமிஷம் ஆச்சு?"

அவள் மென்றாள்.

"ஒர்னெல்லா! உள்ள வரட்டுமா?"

கார் பிட்டுக்குள் வந்தது. குனிந்து பிடிக்க ஆள் இல்லாமல் அப்படியே வெளியே போயிற்று. பிட் சுவரோரம் மற்ற பதினொரு மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். ஃபைனலில் இல்லாவிட்டாலும் ஒரியானோவும் நின்றிருந்தான். ஒருத்தர் கையும் சுவர் மேலிருந்த பாட்டிலின் பக்கம் நீளவில்லை.

"ஒர்னெல்லா! நைட்ரோ! ஒர்னெல்லா!"

இன்ஜின் சத்தம் கீச்சென்று உயர்ந்தது. டாங்க் காலி. இரண்டு விநாடி அலறிவிட்டு அது நின்றது. அவளுக்குப் பெற்ற பிள்ளை தடுக்கி விழுந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒர்னெல்லாஆ! ஒர்னெல்லாஆ!"

முன்னூறு பேரும் மேடையைப் பார்த்தார்கள், பிட்டைப் பார்த்தார்கள். அறிவிப்பாளருக்கும் பொறுக்கவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. "முதல் காரோட மெக்கானிக் ஒர்னெல்லா ஸம்பினி, எங்க இருந்தாலும் உடனே வரவும். ஒர்னெல்லா ஸம்பினி!"

தெரெசீனா மேஜையைத் துடைப்பதை நிறுத்தினாள். "ஊரே உன் பேரச் சொல்லிக் கூப்பிடுதே, காது கேக்கலையா?"

"கேக்குது" என்றாள் ஒர்னெல்லா. "நல்லா கேக்குது. இன்னும் நாலு தரம் கூப்பிடட்டும்."